ஒட்டிய நோட்டைப் பிரிக்கலாமா? ஒரு நாடக இயக்குநரின் பேரேடு

ஜூன் 9, இரவு 10.40

இந்த இணைய இழையைத் தொடங்கிய வாசகர் ஒருவரின் கேள்வி:

"என் பெரியப்பா நாற்பது ஆண்டுகள் நாடகம் எழுதி இயக்கியவர். விமர்சனம், நோட்டீஸ், அழைப்பிதழ், கடிதம் என்று எல்லாவற்றையும் வெட்டி ஒரு பழைய நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறார். தாள்கள் பழுப்பேறி உதிர்கின்றன. ஒவ்வொன்றையும் பிரித்தெடுத்து, லேமினேஷன் செய்து, ஆண்டு வாரியாகக் கோப்பில் போட்டு ஆவணக் காப்பகம் ஒன்றுக்குக் கொடுக்கலாம் என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறோம். நோட்டு வெறும் கணக்குப் புத்தகம்தான், அதைத் தூக்கிப் போட்டுவிடலாம். செய்து பழகியவர்கள் வழி சொல்லுங்கள்."

ஜூன் 9, இரவு 11.15

செய்யாதீர்கள். நாளைக்குக் கடைக்குப் போவதாக இருந்தால் தயவுசெய்து நிறுத்துங்கள். காரணங்களைக் காலையில் எழுதுகிறேன்.

ஜூன் 10, காலை 6.20

முதலில் லேமினேஷன். 1998-இல் எங்கள் குழுவின் முதல் நாடகச் சுவரொட்டியை நானேதான் கொண்டுபோய் லேமினேஷன் செய்தேன். அப்போது கண்ணாடி போல மின்னியது. இன்று உள்ளே தாள் காப்பி நிறத்துக்கு வந்துவிட்டது. ஓரத்தில் பிளாஸ்டிக் பிரிந்து, அந்த இடைவெளி வழியாக ஈரம் ஏறிப் பூஞ்சை படர்ந்திருக்கிறது. சூடு வைத்து ஒட்டிய பிளாஸ்டிக்கை இனி உரிக்க முடியாது, உரித்தால் எழுத்தும் கூடவே வந்துவிடும். செய்தித்தாள் மலிவான மரக்கூழில் ஆனது. அதில் உள்ள லிக்னின் என்ற மரப்பொருள் காற்றிலும் வெளிச்சத்திலும் பழுப்பாகும், அமிலம் தாளைத் தின்னும். பிளாஸ்டிக்குக்குள் அடைத்தால் அந்த அமிலமும் உள்ளேயே அடைபட்டுப் போகும்.

இரண்டாவது, பிரித்தெடுப்பது. இதற்கு என் ஆசிரியரின் நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரை நாங்கள் எல்லோரும் 'சார்' என்றுதான் அழைப்போம், இங்கும் அப்படியே எழுதுகிறேன். 1984-இல் அவர் குழுவில் பிராம்ப்டராக, அதாவது திரைக்குப் பின்னாலிருந்து வசனம் எடுத்துக் கொடுப்பவனாகச் சேர்ந்தேன். பிறகு ஒளியமைப்பு, பிறகு எல்லா எடுபிடி வேலையும். அவர் போய் ஆறு ஆண்டுகள் ஆகின்றன. நோட்டு என்று அவர் வைத்திருந்தது அவருடைய அப்பாவின் மளிகைக் கடைப் பேரேடு. சிவப்புத் துணி அட்டை, நீளவாக்கில் கட்டியது. துவரம் பருப்பு, நல்லெண்ணெய் என்று கணக்கு எழுதிய பக்கங்கள் மேலேயே விமர்சனங்களை ஒட்டியிருக்கிறார். அப்பாவின் எழுத்து இடையிடையே எட்டிப் பார்க்கும்.

நானும் முதலில் உங்களைப் போலத்தான் நினைத்தேன். சார் கையில் வேறு தாள் இல்லை, கிடைத்ததில் ஒட்டினார் என்று.

ஜூன் 10, இரவு 9.50

43-ஆம் பக்கம். இதைச் சொன்னால் புரியும்.

சைக்ளோஸ்டைல் (மெழுகுத்தாளில் வெட்டிப் படியெடுக்கும் முறை) எடுத்த நாடகப் பிரதியின் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. தாளின் நடுவே நீள்சதுரமாக ஒரு ஓட்டை, பிளேடால் வெட்டியது. உயரம் சரியாக நான்கு வரி வசனம் அளவு. தாளுக்குப் பின்னால் நான்காக மடித்த காவல்துறை அனுமதிக் கடிதம், ஊதா மை முத்திரையோடு. மேல் ஓரத்தில் மட்டும் பசை, அதனால் விரித்துப் படிக்கலாம்: குறிப்பிட்ட நான்கு வரிகளை நீக்கினால் நாடகம் நடத்தலாம்.

இப்போது அந்த ஓட்டை வழியாக என்ன தெரிகிறது என்று பாருங்கள். அடியில் உள்ள பேரேட்டின் வரி தெரிகிறது. சாருடைய அப்பாவின் கையெழுத்தில் "பாக்கி 14-6-0". ரூபாய், அணா, பை. 1957-க்கு முந்தைய கணக்கு. அதைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம்.

அந்த நாடகத்தில் நான் பக்கத் திரைக்குப் பின்னால் பிரதியோடு நின்றேன். கதாநாயகன் ஓர் இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டுச் சபையைப் பார்த்தபடி நிற்பார். நான் வசனம் எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தபோது சார் என் தோளை அழுத்தினார். "நாலு வரி நேரம். விடு" என்றார். அது என்ன நாலு வரி என்று அன்று எனக்குத் தெரியாது. முப்பது ஆண்டுகள் கழித்து இந்தப் பக்கத்தைப் புரட்டியபோதுதான் தெரிந்தது.

இதைப் பிரித்து ஆண்டு வாரியாகக் கோப்பில் போட்டிருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்? ஓட்டை விழுந்த ஒரு தாள், ஒரு அரசாங்கக் கடிதம், குப்பைக்குப் போன ஒரு மளிகைக் கணக்கு.

ஜூன் 11, மதியம் 1.05

இளையவர்கள் சிலர் கேட்கிறார்கள், நாடகத்துக்குக் காவல்துறை அனுமதி எதற்கு என்று. ஆங்கிலேயர் காலத்தில் 1876-இல் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. விடுதலைக்குப் பிறகு 1954-இல் சென்னை மாகாணம் தனக்கென்று ஒன்று இயற்றிக்கொண்டது. பிரதியை முன்கூட்டியே கொடுத்து அனுமதி வாங்க வேண்டியிருந்தது. 'பரீக்ஷா' நாடகக் குழுவின் ஞாநி தொடுத்த வழக்கில் 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகள் அரசமைப்புக்கு எதிரானவை என்றது. அதுவரை நாடகம் போட்ட ஒவ்வொரு குழுவிடமும் இப்படிக் கடிதங்கள் இருந்திருக்கும். எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள்? வாங்கிய கையோடு எறிந்தவர்களே அதிகம். உங்கள் பெரியப்பா நோட்டில் முத்திரையோடு ஏதாவது இருந்தால் அதைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள்.

ஜூன் 11, இரவு 10.30

கோயம்புத்தூர் நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார்: ஓட்டைக்கு நேராகப் 'பாக்கி' வந்தது தற்செயலாக இருக்கலாம், வட்டத்தைக் கடைக்காரரே பாக்கியை மறக்காமலிருக்கப் போட்டிருக்கலாம் என்று.

நியாயமான சந்தேகம். இன்று உருப்பெருக்கிக் கண்ணாடியோடு உட்கார்ந்தேன். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி வைத்துப் பார்த்தால் பேனா அழுத்திய தடம் பள்ளமாகத் தெரியும். கணக்கு எழுதியது மைப்பேனா. வட்டம் பால்பாயிண்ட். அந்த வட்டத்தின் கீழ்ப்பகுதி பேரேட்டின் மேல் இருக்கிறது, மேல்பகுதி ஒட்டிய தாளின் மேல் ஏறியிருக்கிறது. வெட்டிய விளிம்பைத் தாண்டும் இடத்தில் கோடு ஒரு முடி அளவு தடுக்கி எழும்புகிறது. ஒட்டிய பிறகு போட்ட வட்டம்தான் அது.

தாளை உரித்தால் வட்டம் இரண்டாக உடையும். பிரிக்காதீர்கள் என்பதற்கு இதற்கு மேல் எனக்கு வாதம் தெரியவில்லை.

ஜூன் 14, காலை 7.00

காப்பகத்தில் வேலை செய்பவர்கள் இதை 'மூல ஒழுங்கு' என்பார்கள். சேர்த்தவர் எந்த வரிசையில் வைத்தாரோ அந்த வரிசைக்கும் அர்த்தம் உண்டு, அதைக் கலைக்காதே என்பது விதி. இயக்குநரின் நோட்டில் இது இரண்டு மடங்கு உண்மை. மேடையில் எதை எதன் பக்கத்தில் நிறுத்துவது என்பதுதான் அவர் வாழ்நாள் வேலை. காகிதத்திலும் அதையே செய்திருக்கிறார்.

ஜெர்மனியின் பெர்டோல்ட் பிரெக்ட்டும் இப்படித்தான். நாடு விட்டு நாடு ஓடிய காலத்தில் எழுதிய நாட்குறிப்பில், செய்தித்தாள் படங்களை வெட்டித் தன் குறிப்புகளுக்கு நடுவே ஒட்டினார். 1956-இல் அவர் இறந்ததும் அவர் மனைவி, நடிகை ஹெலெனே வைகல், காகிதங்களைச் சிதறவிடாமல் காப்பகம் ஏற்படுத்தினார். பெர்லினில் அவர்கள் வாழ்ந்த வீட்டிலேயே அது இருக்கிறது. எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு படங்களை விட்டிருந்தால் பிரெக்ட்டில் பாதிதான் கிடைத்திருக்கும்.

நம் ஊரில் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார். பெயர்ப்பலகை எழுதும் ஓவியராகத் தொழில் செய்தவர். புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், அழைப்பிதழ், துண்டுப் பிரசுரம் என்று மற்றவர்கள் எறிந்ததையெல்லாம் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது, அது சென்னைக்கு வந்து 1994-இல் ஆராய்ச்சி நூலகமானது. பழைய நாடகக் கம்பெனிகளைப் பற்றி ஆராய்கிறவர்கள் இன்று அந்த நோட்டீசுகளைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

ஜூன் 15, இரவு 11.40

மற்ற நோட்டுகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எழுதத் தயக்கமாக இருந்தது.

மொத்தம் மூன்று பேரேடுகள். சாருடைய வீடு சைதாப்பேட்டையில், ஆற்றுக்குப் பக்கம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் மார்பளவு தண்ணீர். பரணில் இருந்த ஒன்று தப்பியது. டிரங்குப் பெட்டியில் இருந்த இரண்டும் இரண்டு நாள் தண்ணீரில் கிடந்தன. நான்காம் நாள் நான் போய்ச் சேர்ந்து, இரண்டையும் மொட்டைமாடியில் விரித்து வெயிலில் காயவைத்தேன். பக்கங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிரித்துக் காயவைத்தேன். அது தவறு. ஈரத்தாள் துணியைவிட எளிதில் கிழியும். பளபளப்பான ஆர்ட் பேப்பரில் அச்சடித்த படங்கள் காயக் காயச் செங்கல் போல ஒட்டிக்கொண்டன. மைப்பேனாவில் எழுதியதெல்லாம் நீலக் கறையாக ஓடிவிட்டது. பென்சிலும் சைக்ளோஸ்டைல் மையும் மட்டும் நின்றன.

என்ன செய்திருக்க வேண்டும் என்று பிறகு ஒருவர் சொல்லிக் கொடுத்தார். நனைந்த நோட்டைத் திறக்கவே கூடாது. அப்படியே பாலிதீனில் சுற்றி உறைபெட்டியில் வைத்துவிட வேண்டும். உறைந்துவிட்டால் மை ஓடாது, பூஞ்சை வளராது, யோசிக்க நேரம் கிடைக்கும். பிறகு தெரிந்தவர்கள் கையால் உலர்த்தலாம். சார் அன்று மாடிப்படியில் உட்கார்ந்து நான் செய்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஜூன் 16, காலை 6.45

பூச்சி பற்றிக் கேட்டவருக்கு. சார் அவசரத்துக்குச் சோற்றுப் பருக்கையை நசுக்கி ஒட்டுவார். ஒத்திகை முடிந்து எல்லோரும் சாப்பிடும்போது பேரேட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கையில் சோறு, ஒரு கையில் கத்தரிக்கோல். சாருடைய மனைவி, நாங்கள் அம்மா என்போம், திட்டுவார்கள். மற்ற நேரத்தில் மைதாப் பசை. இரண்டும் மாவுப்பொருள், பூச்சிகளுக்கு விருந்து. ராமபாணப் பூச்சி துளைத்த ஓட்டைகள் 20-ஆம் பக்கம் முதல் 31 வரை ஒரே நேர்க்கோட்டில் போகின்றன.

பைண்டிங் செய்பவர்கள் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்ஃபேட்) கலப்பார்கள், பூச்சி அண்டாது. அதை நீங்கள் இப்போது போய்த் தடவ வேண்டாம். வசம்பும் வேப்பிலையும் அலமாரியில் இருக்கட்டும், தாளுக்கு நடுவே வைத்தால் கறை படியும். உயிரோடு பூச்சி இருந்தால் நோட்டைப் பாலிதீனில் காற்றில்லாமல் இறுகச் சுற்றி மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரத்துக்கு மேல் வைப்பது நல்ல வழி. வெளியே எடுத்த பிறகு ஒரு முழு நாள் பொதியைத் திறக்காதீர்கள். திறந்தால் காற்றின் ஈரம் தாளில் வியர்த்துவிடும்.

ஜூன் 18, இரவு 10.10

ஒரு திருத்தம். 'பிரிக்காதீர்கள்' என்று நான் எழுதியது முழுக்கச் சரியல்ல. குண்டூசியும் ஸ்டேப்ளர் பின்னும் துருப்பிடித்திருந்தால் எடுத்தாக வேண்டும். துரு தாளில் இறங்கி அந்த இடத்தையே பொடியாக்கும். முன்னும் பின்னும் மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி, பின்னின் கால்களை நிமிர்த்தி, மெதுவாக உருவ வேண்டும். எந்தத் தாள் எதோடு சேர்த்துக் குத்தப்பட்டிருந்தது என்பதை எடுக்கும் முன்பே படம் பிடித்துக் குறித்து வைக்க வேண்டும்.

செல்லோடேப்பைத் தொடாதீர்கள். அதன் பசை பழுத்துத் தாளுக்குள் இறங்கியிருக்கும், கைதேர்ந்த பாதுகாப்பாளர்தான் எடுக்க முடியும். பக்கங்களுக்கு இடையே அமிலமற்ற மெல்லிய தாளை வைக்கலாம், ஆனால் எல்லாப் பக்கத்துக்கும் வைத்தால் நோட்டு பருத்து முதுகு பிளந்துவிடும். புகைப்படத்துக்கு எதிரே செய்தித்தாள் துண்டு வரும் இடங்களில் மட்டும் வைத்தேன்.

ஜூன் 22, மாலை 5.30

இன்னொரு திருத்தம், இது தகவல் பிழை. 12-ஆம் பக்கத்தில் ஒட்டியிருக்கும் பல்லவன் (சென்னையின் அரசுப் பேருந்துக் கழகம்) பஸ் டிக்கெட் 1980-இல் சார் சென்னைக்கு அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குப் போய்வந்த டிக்கெட் என்று வேறோர் இழையில் எழுதியிருந்தேன். வங்க நாடக ஆசிரியர் பாதல் சர்க்கார் கல்கத்தாவிலிருந்து வந்து அங்கே ஒரு நாடகப் பட்டறை நடத்தினார். மேடை, திரை, விளக்கு எதுவும் வேண்டாம், நடிகனின் உடம்பும் பார்க்க வருகிற மனிதர்களும் போதும் என்று அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்துதான் சார் எங்கள் திரைச்சீலைகளை விற்றார்.

ஒரு நண்பர் சரியாகக் கேட்டிருக்கிறார்: 'பல்லவன்' என்ற பெயர் 1972-இல் வந்து 1997-இல் தலைவர்கள், மன்னர்கள் பெயர்களையெல்லாம் எடுத்தபோது போனது. டிக்கெட்டை வைத்து 1980 என்று எப்படிச் சொல்வது?

சொல்ல முடியாதுதான். டிக்கெட்டின் கீழே உள்ள செய்தித்தாள் துண்டு மேல் ஓரத்தில் மட்டும்தான் ஒட்டியிருக்கிறது. இன்று தூக்கிப் பார்த்தேன். பின்பக்கத்தில் நாளிதழின் தேதி வரி இருக்கிறது, 1986. அப்படியானால் அந்தப் பயணம் வேறு. மாம்பலத்தில் நாங்கள் ஒத்திகை பார்த்த மாடிக்கு வந்துபோன டிக்கெட்டாகவே இருக்கலாம். என் நினைவை நான் ஆவணத்தின் மேல் ஏற்றிவிட்டேன். நோட்டைக் கொடுக்கப்போகும் காப்பகத்துக்கு எழுதிக் கொடுத்த பட்டியலிலும் '1980' என்று போட்டிருந்தேன், அடித்துத் திருத்திவிட்டேன்.

வெட்டிய துண்டுகளின் பின்பக்கத்தையும் படம் பிடியுங்கள்.

ஜூன் 23, காலை 8.15

படம் பிடிக்கும் முறை: தட்டையான ஸ்கேனரில் நோட்டைக் கவிழ்த்து அழுத்தாதீர்கள். இரண்டு தலையணைகளை V வடிவில் வைத்து, நோட்டைப் பாதி திறந்த நிலையில் கிடத்தி, மேலே ஸ்டாண்டில் கேமராவைப் பொருத்தினோம். முதலில் பக்கம் இருக்கிறபடி ஒரு படம். பிறகு ஒவ்வொரு மடிப்பாகத் திறந்து ஒவ்வொரு படம். 118 பக்கங்களுக்கு 412 படங்கள் ஆயின. 43-ஆம் பக்கத்துக்கு மட்டும் ஒன்பது.

ஜூன் 27, இரவு 11.55

இன்று எழுதுவது கடினமான விஷயம்.

77-ஆம் பக்கத்தில் ஒரு கடிதம் இருக்கிறது. எங்கள் குழுவில் நடித்தவர் சாருக்கு எழுதியது. இன்றும் உயிரோடு இருப்பவர். அதற்கு மேல் சொல்ல மாட்டேன். நன்கொடைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்த ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டுக் கொடு, எனக்கு வேறொன்றும் வேண்டாம்" என்றார்கள்.

கிழிக்கக் கூடாதம்மா என்று சொல்லிவிட்டேன். ஆராய்ச்சி, வரலாறு என்று ஏதேதோ பேசினேன். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பிறகு எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டார்கள். காப்பி வரவில்லை. நாற்பது ஆண்டுகளில் அந்த வீட்டில் எனக்குக் காப்பி வராத நாள் அதுதான்.

ஜூன் 29, இரவு 9.20

இரண்டு நாளாக அதே நினைப்பு. நான் சொன்னது விதிப்படி சரி. சொன்ன விதம் சரியில்லை. நோட்டு சாருடையது, ஆனால் அதில் ஒட்டியிருக்கும் வாழ்க்கையில் பாதி அம்மாவுடையது. கடிதத்தை எழுதியவருக்கும் அதில் உரிமை இருக்கிறது. காகிதம்தான் பெற்றவருக்குச் சொந்தம், எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கு. இந்தியச் சட்டப்படி அவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டுகள். இதையெல்லாம் அம்மாவிடம் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

இன்று காப்பகத்துக்காரர்களிடம் கேட்டேன். வழி இருக்கிறது. பக்கத்தைக் கிழிக்க வேண்டாம். அமிலமற்ற தாளால் அந்த ஒரு பக்கத்தை உறையிட்டு மூடி முத்திரை வைப்பார்கள். இணையத்தில் ஏற்றும் படங்களில் அந்தப் பக்கம் இருக்காது, '77: குடும்பத்தின் விருப்பப்படி மூடப்பட்டுள்ளது' என்ற குறிப்பு மட்டும் இருக்கும். எந்த ஆண்டில் திறக்கலாம் என்பதைப் பத்திரத்திலேயே எழுதிவிடலாம்.

ஜூலை 2, காலை 10.05

அம்மா ஒப்புக்கொண்டார்கள். எந்த ஆண்டு என்று கேட்டதற்கு விரல் விட்டு எண்ணி, "நாங்கள் மூன்று பேரும் இருக்க மாட்டோம், அப்போது திறக்கட்டும்" என்று ஓர் ஆண்டைச் சொன்னார்கள். பத்திரத்தில் அதையே எழுதினோம்.

காப்பி வந்தது.

ஜூலை 3, மதியம் 2.30

இழையைத் தொடங்கியவர் எழுதியிருக்கிறார், லேமினேஷன் கடைக்குப் போகவில்லை, நோட்டு பத்திரமாக இருக்கிறது என்று. மிக்க மகிழ்ச்சி. ஒன்று கேட்கிறேன். உங்கள் பெரியம்மா இருக்கிறார்கள் என்று சொன்னீர்கள். கொடுப்பதற்கு முன் அவர்களோடு உட்கார்ந்து நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். படங்களில் இருப்பவர்கள் யார் என்று கேட்டு எழுதுங்கள். நோட்டில் எழுதாதீர்கள், தனித் தாளில், பக்க எண் போட்டு, பென்சிலால். எங்கள் நோட்டில் 34 புகைப்படங்கள். பெயர் தெரியாத முகங்கள் இன்னும் பதினொன்று. சார் இருந்தபோது ஒரே மாலையில் கேட்டு முடித்திருக்கலாம்.

ஜூலை 14, இரவு 10.45

நாலு வரி மௌனம் நின்ற நடிகரைக் கண்டுபிடித்துவிட்டேன். திண்டிவனம் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டார், காது மந்தம். 43-ஆம் பக்கத்தின் படத்தைப் பெரிதாக அச்சிட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

நீண்ட நேரம் பார்த்தார். ஓட்டையின் மேல் விரலை வைத்தார். பிறகு எழுந்து நின்றார், மகள் பிடிக்க வந்ததை வேண்டாம் என்று கையமர்த்தினார். முதல் வரியைச் சொன்னார். இரண்டாவதையும் சொன்னார். மூன்றாவது பாதியில் நின்றுவிட்டது. நான்காவது அவருக்கு வரவில்லை. "ஒத்திகையில் ஒரு மாதம் பேசினேன். மேடையில் ஒரு நாளும் பேசவில்லை" என்றார்.

இரண்டரை வரியையும் அவர் குரலில் பதிவு செய்திருக்கிறேன். திங்கட்கிழமை காப்பகத்தில் கொடுக்க வேண்டும், 43-ஆம் பக்கத்தோடு சேர்க்கச் சொல்லி. பழைய நடிகர்கள் யாரிடமாவது அந்தப் பிரதியின் வெட்டாத சைக்ளோஸ்டைல் படி இருந்தால் எனக்கு எழுதுங்கள். 1987 கோடையில் மாம்பலத்தில் ஒத்திகை நடந்த நாடகம். அட்டை மஞ்சள் நிறம்.